பட்டுப்புடவை கட்டாத நெபுலா

மார்கழி, தை மாதங்களில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நாலு நடை நடக்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தால், மூன்று நட்சத்திரங்கள் சம இடைவெளி விட்டு ஒரே வரிசையில் நிற்பது தெரியும். ஓரியன் என்கிற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை அது. அதற்கு வடக்கே கொஞ்சம் தள்ளிச் செம்மண் நிறத்தில் மின்னுவது நம்முடைய திருவாதிரை. கச்சைக்குத் தெற்கே, இடுப்பில் தொங்கும் வாள் மாதிரி, மங்கலாக மூன்று புள்ளிகள். அதில் நடுப்புள்ளியை மட்டும் கொஞ்ச நேரம் விடாமல் பாருங்கள். மற்றவை போலக் கூர்மையாக இராது. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி ஒரு பூச்சு தெரியும். கண்ணில் புரை விழுந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அது அப்படித்தான் இருக்கும். அதுதான் ஓரியன் நெபுலா.

தமிழில் விண்முகில் என்கிறார்கள். லத்தீனில் நெபுலா என்றால் மூடுபனி. ஒகேனக்கல் என்ற பெயரும் ஏறக்குறைய அதே சங்கதிதான். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை. காவிரி விழுகிற வேகத்தில் பாறையிலிருந்து புகை எழும்புவதுபோல் சாரல் கிளம்புவதால் வந்த பெயர். அந்தப் புகையைப் பார்க்கப் போன இடத்தில் இந்தப் புகையையும் படம் பிடித்தோம் என்பதுதான் விஷயம்.

2023 ஜனவரி 21, சனிக்கிழமை, தை அமாவாசை. என் சம்பந்தி அம்மாள் முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார்கள். முதல் தை அமாவாசை என்பதால் காவிரிக் கரையில் தர்ப்பணம் கொடுக்கச் சம்பந்தி வந்திருந்தார். கூட நானும், எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான பேரனும். காலையில் கூட்டம் சொல்லி மாளாது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் வறுக்கிறவர்கள், பரிசல்காரர்கள், எள்ளும் தண்ணீருமாக நிற்கிறவர்கள். பேரன் அன்று இரவு தங்கியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அமாவாசையில் நிலா இல்லை, பென்னாகரத்தை விட வானம் இருட்டு, தாத்தா ரெண்டு பேரும் துணைக்கு இருக்கிறீர்கள் என்றான். யார் யாருக்குத் துணை என்பது வேறு கதை. பென்னாகரம் சாலையில் இருட்டிய பிறகு யானை குறுக்கிடும் என்பதால் எப்படியும் அந்த நேரத்தில் கிளம்புவதற்கு இல்லை. ஒரு விடுதியில் அறை எடுத்தோம். மொட்டை மாடி விளக்கை அணைத்துத் தரச் சொன்னபோது விடுதிக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் அணைத்துக் கொடுத்தார்.

பேரனிடம் இருந்தது பழையதாக வாங்கிய கேனான் கேமரா, 200 மில்லிமீட்டர் லென்ஸ், முக்காலி, அதன் மேல் டிராக்கர் என்கிற ஒரு சின்ன யந்திரம். இந்த டிராக்கர் எதற்கு என்றால், பூமி சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அந்த லென்ஸை வைத்துக்கொண்டு இரண்டரை விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துவிடும். டிராக்கர் வானத்தோடு சேர்ந்து கேமராவையும் மெல்லத் திருப்பும். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். நம் ஊர் அட்சரேகை 12 பாகைதான், ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒகேனக்கல்லைச் சுற்றி மலை. துருவ நட்சத்திரம் மலைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பையன் கைப்பேசித் திசைகாட்டியை வைத்துக் குத்துமதிப்பாகத் திருப்பி, நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்துப் பார்த்து, முக்கால் மணி நேரம் திருகிக்கொண்டிருந்தான். அதே அட்சரேகையால் ஒரு லாபமும் உண்டு. பாரிஸில் இந்த நெபுலா உச்சத்துக்கு வந்தாலும் சுமார் 36 பாகை உயரம்தான். ஒகேனக்கல்லில் 72 பாகை, கிட்டத்தட்ட தலைக்கு மேல். காற்றின் தூசியையும் ஈரத்தையும் குறைவாகக் கடந்து ஒளி வரும்.

பத்து மணிவாக்கில் அது உச்சிக்கு வந்தது. ஒரு நிமிடத்துக்கு ஒரு படம் என்று 64 படம் எடுத்தான். பிறகு இரண்டு விநாடிப் படங்கள் சில, ஏனென்றால் நெபுலாவின் நடுப்பகுதி மிகவும் பிரகாசமானது. ஒரு நிமிடம் திறந்தால் அங்கே வெறும் வெள்ளைதான் விழும். பிறகு லென்ஸை மூடி வைத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத இருட்டை இருபது முறை படம் எடுத்தான். விடிந்த பிறகு லென்ஸ் வாயில் என் வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாகக் கட்டி வெளிர் வானத்தைப் பார்க்க வைத்து இன்னும் இருபது. "இருட்டுப் படம் கேமரா தானாகப் போடுற கறை என்னன்னு காட்டும். வேட்டிப் படம் லென்ஸோட தூசியும் ஓர மங்கலும் என்னன்னு காட்டும். ரெண்டையும் தெரிஞ்சிக்கிட்டா கழிச்சிடலாம் தாத்தா" என்றான். வரவு செலவுக் கணக்கில் ஆரம்ப இருப்பைத் தனியாக எழுதுவது போல என்று எனக்குப் பட்டது.

இதற்கு நடுவில் சம்பந்திக்குத் தூக்கம் வரவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். பைனாகுலரைக் கொடுத்து இடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சாம்பலாட்டம் இருக்குதுங்க" என்றார். காலையில்தான் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்த மனிதர். நான் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலையே. எடுத்த படத்தைக் கணினியில் திறந்தால் கருப்புத்தான், நடுவில் ஒரு சின்ன வெளுப்பு. இதைச் சரிசெய்யச் சிரில் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் வேலை. முன்பு கிறிஸ்தியான் பூயில் என்கிற பிரெஞ்சு வானியல் ஆர்வலர் ஐரிஸ் என்று ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார். அந்த எழுத்துகளைத் திருப்பிப் போட்டு, லினக்ஸுக்காக ஓர் 'எல்' சேர்த்ததுதான் இந்தப் பெயர். அதன் விளக்கப் பக்கங்கள் பிரெஞ்சிலும் இருக்கின்றன. பிரெஞ்சு வழியில் படித்ததால் அறுபது வருஷத்துக்குப் பிறகு பேரனிடம் எனக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அவன் ஆங்கிலத்தில் தடுமாறிய இடத்தில் நான் பிரெஞ்சில் படித்துச் சொன்னேன்.

அது செய்கிற வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு படத்தில் உண்மையான ஒளியோடு கேமராவின் இரைச்சலும் பொறிப்பொறியாகக் கலந்திருக்கும். நெபுலா 64 படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும். இரைச்சல் படத்துக்குப் படம் இடம் மாறும். எல்லாவற்றையும் நட்சத்திரத்தோடு நட்சத்திரம் பொருத்தி அடுக்கிச் சராசரி எடுத்தால் நெபுலா நிற்கும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். எத்தனை படமோ அதன் வர்க்கமூலம் அளவுக்குத் தெளிவு கூடும். 64 படத்துக்கு எட்டு மடங்கு. ஒரு படத்தில் விமானம் ஒன்று கோடு போட்டுக்கொண்டு போயிருந்தது. மற்ற 63 படமும் அதை மறுத்துவிட்டதால் தானாகவே நீங்கிவிட்டது. 64 சாட்சிகள், ஒருவன் மட்டும் வேறு மாதிரி சொன்னால் தள்ளிவிடுவது. எனக்கு இந்த முறை மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுக்கி முடித்து, மங்கலை மெல்ல மெல்ல உயர்த்தியபோது அது வந்தது. விரித்த சிறகு மாதிரி இளஞ்சிவப்பு, உள்ளே நீலம் கலந்த வெளுப்பு, ஓரத்தில் ஒரு கரிய மேகம் நுழைந்து கடித்தாற்போல். வானத்தில் முழுநிலாவைப் போல் இரண்டு மடங்கு அகலம். தூரம் சுமார் 1,340 ஒளியாண்டு, அதாவது காஞ்சியில் பல்லவர் ஆண்டபோது கிளம்பிய வெளிச்சம்.

சம்பந்தியை அழைத்துக் காட்டினோம். கிட்டே போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு கேட்டார்: "நான் பாத்தது சாம்பலுங்க சம்பந்தி. இந்தச் செவப்பு எங்கிருந்து வந்துச்சி? இதுக்கும் பட்டுப்பொடவை கட்டிவுட்டுட்டீங்களா?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. சம்பந்தி அம்மாளுக்குப் படம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. காரியத்துக்குப் படம் வேண்டுமென்று அவசரத்தில் அடையாள அட்டையில் இருந்த முகத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தார்கள். அவர்களும் வழக்கம்போல் அந்த முகத்தை வெட்டி, யாரோ ஒருவரின் உடம்பில் பொருத்தி, பச்சைப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, பின்னால் நீல வானம் என்று செய்து சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். முகத்தின் சுருக்கத்தையெல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி நீவிவிட்டிருந்தார்கள். அதற்குத்தான் தினமும் மாலை. சம்பந்தி அந்தப் படத்தை நேராகப் பார்ப்பதே இல்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். ஒருமுறை மட்டும் சொன்னார்: "அது அவ இல்லீங்க."

ஆகவே அவர் கேட்டது விளையாட்டுக் கேள்வி அல்ல. ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

சிவப்பு அங்கேயே இருக்கிறது என்று சொன்னேன். நெபுலாவின் நடுவில் இளம் நட்சத்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் புற ஊதாக் கதிர் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறிகிறது. அது திரும்பி வந்து ஒட்டிக்கொண்டு படிப்படியாக இறங்கும்போது 656.3 நானோமீட்டரில் ஒரு சிவப்பு ஒளி. ஆக்ஸிஜன் 500.7-ல் ஒரு பச்சை. இந்தப் பச்சையை 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் வேறொரு நெபுலாவில் கண்டபோது, பூமியில் இல்லாத ஏதோ புதுத் தனிமம் என்று எண்ணி, பிற்பாடு நெபுலியம் என்று பேரும் வைத்துவிட்டார்கள். அது நம் மூச்சில் இருக்கிற ஆக்ஸிஜன்தான் என்று 1927-ல் ஐரா போவன் காட்டும் வரை அந்தப் பேர் ஓடியது. அப்படியானால் நம் கண்ணுக்கு ஏன் சாம்பல்? இருட்டில் வேலை செய்கிற நம் கண் நரம்புகளுக்கு நிறம் தெரியாது. மேலும் கண் ஒளியைச் சேர்த்து வைக்காது, அன்றாடங்காய்ச்சி. வந்ததை அந்தக் கணமே செலவழித்துவிடும். கேமரா உண்டியல்.

"காவலூர்ல பெரிய கண்ணாடி இருக்குதுன்றாங்களே, அதுல பாத்தா தெரியுமா?" என்றார் சம்பந்தி. ஜவ்வாது மலையில் வைணு பாப்பு தேடிக் கண்டுபிடித்த இடம் அது. 1960-களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கி, 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து, 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கியை 1986-ல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். கண்ணாடி தீட்டியது உட்பட இந்தியாவிலேயே செய்தது. அதைப் பார்க்க பாப்பு உயிரோடு இல்லை, 1982-லேயே போய்விட்டார். அவ்வளவு பெரியதில் கண்ணை வைத்தாலும் பச்சைச் சாயல் தெரியலாம், இந்தச் சிவப்பு தெரியாது. அதனால்தான் அங்கேயும் விஞ்ஞானிகள் கண்ணை நம்பி உட்காருவதில்லை.

கண்ணை நம்பியதால் வந்த சண்டைகள் கொஞ்சமல்ல. 1610-ல் பெய்ரெஸ்க் என்கிற பிரெஞ்சுக்காரர் இந்த நெபுலாவை முதலில் தொலைநோக்கியில் கண்டார். அதற்குப் பிறகு இருநூற்றைம்பது வருஷம் ஆளாளுக்குப் பென்சிலால் வரைந்தார்கள். ஒருவர் வரைந்ததுபோல் மற்றவர் வரையவில்லை. நெபுலாவே உருமாறுகிறது என்று கூடச் சிலர் வாதாடினார்கள். 1880 செப்டம்பர் 30-ல் அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் 51 நிமிடம் திறந்து வைத்து முதல் புகைப்படத்தை எடுத்தார். மூன்றாம் வருஷம் இங்கிலாந்தில் காமன் எடுத்த படத்தில், தொலைநோக்கியில் கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரங்களும் விழுந்திருந்தன. அங்கிருந்துதான் கண் பின்னால் போய்த் தகடு முன்னால் வந்தது.

புதுச்சேரிக்காரன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மெஸ்ஸியே பாரிஸில் இந்த நெபுலாவை அளந்து தன் பட்டியலில் 42-ஆம் எண்ணாகச் சேர்த்தது 1769 மார்ச் 4-ல். அந்த நாளில் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு, ஜூன் மாதம் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைக் காணக் காத்திருந்தவர் லெ ஜாந்தி. அவரும் நெபுலாக்களைத் தேடியவர்தான், ஆந்திரமேதாவின் துணை மண்டலத்தை 1749-லேயே கண்டவர். 1761-ல் கப்பலில் மாட்டிக்கொண்டு ஒரு வாய்ப்பைத் தவறவிட்டு, எட்டு வருஷம் இந்தப் பக்கத்திலேயே சுற்றிக் காத்திருந்தால், அந்த ஜூன் 4 காலை மேகம் மூடிவிட்டது. ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள். பள்ளியில் எங்கள் ஆசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சம்பந்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செவப்பு இருக்குதுன்றீங்க, சரி. ஆனா இவ்வளவுதான் இருக்குதா, நீங்க கூட்டிட்டீங்களா?" என்றார். விவசாயி. அளவைக் கேட்டார். உண்மையில் குறைந்துதான் இருக்கிறது என்றேன். சாதாரணக் கேமராவின் உள்ளே, மனித முகம் செக்கச்செவேல் என்று விழாமல் இருக்க ஒரு வடிகட்டிக் கண்ணாடி உண்டு. ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியை அது தடுத்துவிடும். நிறத்தை நாங்கள் கண்மதிப்பில் வைக்கவும் இல்லை. படத்தில் விழுந்த நட்சத்திரங்களின் நிறத்தை, ஏற்கெனவே அளந்து வைத்த நட்சத்திர அட்டவணையோடு ஒப்பிட்டு மென்பொருளே சரிசெய்கிறது.

ஆனால் பட்டுப்புடவை கட்டும் இடம் ஒன்று இருந்தது. நெபுலாவின் நட்ட நடுவில் நான்கு நட்சத்திரங்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன. எங்கள் லென்ஸுக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது, ஒரே உருண்டையாகத்தான் விழுந்தது. பேரன் செயற்கை நுண்ணறிவு கொண்டு கூர்மையாக்கும் வேறொரு மென்பொருளில் போட்டுக் கொண்டுவந்தான். அந்த உருண்டை அழகான புள்ளிகளாகப் பிரிந்து, மேகத்தில் நூல் நூலாக இழைகளும் வந்திருந்தன. பார்க்கப் பிரமாதம். "இது நம்ம கேமராவுல விழுந்ததா?" என்று கேட்டேன். "விழுந்திருந்தா இப்படித்தான் இருந்திருக்கும் தாத்தா" என்றான்.

எழுத்தராக இருந்த காலத்தில், பிரெஞ்சு தெரியும் என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகள் இருந்த மேஜைக்கு என்னைத் தள்ளியிருந்தார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள் பென்ஷனுக்காக நகல் கேட்டு வந்து நிற்பார்கள். மை வெளுத்துப்போயிருக்கும். பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடிக்கலாம், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அதே ஆள் எழுதிய வேறு பக்கத்தோடு ஒப்பிடலாம். இதெல்லாம் செய்து ஓர் எழுத்தை வெளியே கொண்டுவந்தால் அது வேலை. பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் அங்கே 'இல்லிசீப்ள்', படிக்க இயலவில்லை, என்று எழுதிவிட்டு மேலே போக வேண்டும். அந்த இடத்தில் 'முத்துசாமி'யாகத்தான் இருக்கும் என்று எவ்வளவு நிச்சயமாகத் தோன்றினாலும் எழுதக் கூடாது. எழுதினால் ஒரு குடும்பத்துக்கு வேறொரு தாத்தா வந்துவிடுவார்.

இதைப் பேரனிடம் சொன்னேன். அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. எல்லோரும் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள், போட்டிகளுக்கே அனுப்புகிறார்கள் என்றான். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை. பிறகு அவனாகவே உருண்டை உருண்டையாகவே இருந்த படத்தை அச்சுக்குக் கொடுத்தான். என்ன காரணம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. அவன் அப்பா அம்மா கல்யாண வீடியோ கேசட்டை எப்போதோ சிடியாக மாற்றி வைத்திருந்தோம். அதில் மண்டப வாசலில் ஆயா ஆரத்தித் தட்டோடு, வீடியோக்காரர் சொன்னதற்காக மூன்று விநாடி அசையாமல் நிற்கிறார்கள். விநாடிக்கு 25 படம். பழைய கேசட் ஆனதால் ஒவ்வொன்றும் பொறிப்பொறியாக, கோடு கோடாக, முகமே பிடிபடாது. பையன் அந்த எழுபது சொச்சம் படங்களையும் தனித்தனியாகப் பிரித்து, தலை அசைந்தவற்றைக் கழித்து, மீதி இருந்ததைக் கண்ணோடு கண், மூக்குத்தியோடு மூக்குத்தி பொருத்தி அடுக்கியிருக்கிறான். அவ்வளவுதான் செய்தது. முகம் இன்னமும் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் சிரிப்பதா வேண்டாமா என்று வாயோரம் இழுத்துக்கொண்டு நிற்பது தெரிகிறது.

அதைச் சம்பந்தி கையில் கொடுத்தபோது நான் இருந்தேன். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று, "இதுலயும் பட்டுப்புடவைதாங்க சம்பந்தி" என்றேன்.

"ஆமாங்க. அரக்கு. தருமபுரியில எடுத்தது. அவளே பேரம் பேசி இருநூறு ரூவா கொறச்சா" என்றார். கண்ணைப் படத்திலிருந்து எடுக்கவே இல்லை.